அறுந்துபோகும் லைனில் அஞ்சல்

மாரி தொடங்கிவிட்டால் மட்டக்களப்பில் பழைய கம்பித் தொலைபேசிகள் இரையத் தொடங்கும். பேசுகிறவருக்கு அது பெரிய சங்கடமில்லை. கேட்காததைத் திருப்பிச் சொல்லச் சொல்லி ஒப்பேற்றிவிடலாம். அதே லைனில் மொடத்தைப் பூட்டி மின்னஞ்சல் எடுத்தவர்கள் பட்ட பாடு வேறு. பாதியில் லைன் அறுந்தால், வந்துகொண்டிருந்த கடிதம் போய்விடும். மறுபடி டயல் செய்தால் அதே கடிதம் முதல் எழுத்திலிருந்து வரத் தொடங்கும். அதே இடத்துக்கு வருமுன் லைன் மீண்டும் அறுந்துவிடும். 1990களின் பிற்பகுதியிலும் 2000களின் முற்பகுதியிலும் டயல்-அப் வைத்திருந்த பாடசாலைகள், கூட்டுறவுச் சங்கங்கள், தொண்டு நிறுவன அலுவலகங்கள் எல்லாவற்றுக்கும் இது தெரிந்த கதை.

இதற்குக் காரணம் லைன் மட்டும்தான் என்று அப்போது எல்லோரும் நினைத்தோம். லைனில் குற்றம் இருந்தது உண்மை. ஆனால் அறுந்த லைனில் எவ்வளவு வேலை வீணாகிறது என்பதைத் தீர்மானித்தது மேசையில் இருந்த மின்னஞ்சல் மென்பொருள். ஒரே கம்பி, ஒரே மழை, இரண்டு மென்பொருள்கள் என்றால் ஒன்றில் இருபது நிமிடத்தில் முடிகிற வேலை மற்றதில் ஒரு மணி நேரத்திலும் முடியாது. அது ஏன் என்று விளங்கிக்கொண்டால், டயல்-அப் போய் 4ஜி வந்த பிறகும், சிக்னல் வந்து வந்து போகும் இடங்களில் அந்த அறிவு பயன்படும்.

முதலில் லைன். வடக்கே பங்குடாவெளியிலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது மட்டக்களப்பு வாவி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே ஒடுங்கிய நிலத்தில் எழுவான்கரை ஊர்கள். உப்புக் காற்றுப் படாத செப்புக் கம்பி அங்கே கிடையாது. கம்பிகளை முறுக்கிச் சேர்த்த மூட்டுகளில் களிம்பு ஏறும். மழைநீர் புகுந்தால் மின்தடை நிமிடத்துக்கு நிமிடம் மாறும். மின்னல் ஒவ்வொன்றும் லைனில் ஒரு வெடிப்பாகக் கேட்கும். வாவிக்கு மேற்கே படுவான்கரையின் பெரும்பாலான ஊர்களுக்குப் போர்க் காலத்தில் கம்பியே இல்லை. வலையிறவுப் பாலம், மண்முனைத் துறை, குருமண்வெளி என்று வாவியைக் கடந்து கையால் கொண்டுவந்த விவரங்கள் நகரத்தில்தான் தட்டெழுதி அனுப்பப்பட்டன.

மொடம் என்பது எண்களை ஒலியாக்கி அனுப்பும் கருவி. 33.6 கிலோபிட் வேகத்தில் போக, அது ஒலி அலையின் உயரத்தையும் கட்டத்தையும் நூற்றுக்கணக்கான நுண்ணிய நிலைகளில் மாற்றிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பக்கத்து மொடம் அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய வேண்டும். இரைச்சல் கூடினால் அடுத்தடுத்த நிலைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அப்போது இரண்டு மொடங்களும் பேச்சை நிறுத்தி, லைனை மறுபடி அளந்து, வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அளக்கவும் முடியாவிட்டால் தொடர்பைத் துண்டித்துவிடும். இங்கே இரண்டு கைமருந்துகள் உண்டு. ஒன்று, வேகத்தை நாமே 14.4 கிலோபிட்டிலோ 9.6இலோ கட்டி வைப்பது. வேகம் குறைந்தாலும் லைன் நிலைத்து நிற்கும். மற்றது, மொடத்தின் எஸ்10 என்ற அமைப்பு. அந்தப் பக்கத்து ஒலி மறைந்தால் எவ்வளவு நேரம் பொறுத்திருந்து துண்டிப்பது என்பதைச் சொல்வது அது. பல மொடங்களில் வழமையாக 14 என்றிருக்கும். ஒரு செக்கனின் பத்திலொரு பங்குகளில் கணக்கு, அதாவது 1.4 செக்கன். அதை 50 ஆக்கினால், ஐந்து செக்கனுக்குள் அடங்கிவிடும் இரைச்சலுக்கெல்லாம் லைன் அறாது. செலவில்லாத வைத்தியம் இது. பலருக்கும் இது தெரியாமலே போயிற்று என்பதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு.

இனி மென்பொருள். ஹொட்மெயில் 1996 யூலையில் வந்தபோது இலவச முகவரி கிடைத்த மகிழ்ச்சியில் எல்லோரும் அதற்குள் நுழைந்தோம். விட்டு விட்டு வரும் லைனுக்கு அதைவிடப் பொருந்தாத ஒன்று கிடையாது. ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு பக்கத்துக்கும் படங்களும் விளம்பரங்களும், எல்லாம் வருமட்டும் ஓடும் தொலைபேசிக் கட்டணம். பதில் எழுதும் நேரம் முழுக்க லைன் திறந்திருக்கும்; எழுதி முடித்து 'அனுப்பு' என்று அழுத்தும் கணத்தில் லைன் அறுந்திருந்தால் எழுதியதும் போய்விடும்.

ஆகவே கடிதங்களை நமது கணினிக்கே இறக்கிவைத்து, லைன் இல்லாதபோது வாசித்து, பதில்களை எழுதிச் சேர்த்துவைத்து, அடுத்த முறை டயல் செய்யும்போது ஒரேயடியாக அனுப்பும் மென்பொருளே வேண்டும். மண்டூருக்குப் பாதை (மிதவைப் படகு) ஏறுகிறவர்கள் ஒவ்வொரு சாமானுக்கும் ஒருமுறை வாவியைக் கடப்பதில்லை. கரையில் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு ஒரே நடையில் போய் வருகிறார்கள். அந்த முறைதான் இதுவும். இதைச் செய்யும் மென்பொருள்கள் பல இருந்தன. ஆனால் லைன் நடுவில் அறுந்தால் என்ன செய்கிறது என்பதில்தான் ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

இதைப் பக்கத்தில் நின்று பார்ப்போம். அந்நாளில் பெரும்பாலானோர் பயன்படுத்தியது பொப்3 என்ற நெறிமுறை. அதன் உரையாடல் மிக எளியது. நமது கணினி தன் பெயரையும் கடவுச்சொல்லையும் சொல்லும். பிறகு 'லிஸ்ட்' என்ற கட்டளை. அஞ்சல் பெட்டியை வைத்திருக்கும் சேர்வர் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு வரியாக எண்ணையும் பருமனையும் சொல்லும்: ஒன்று, 2,310 பைட், இரண்டு, 1,372,000 பைட், மூன்று, 4,050 பைட். அடுத்து, கடிதத்தைக் கேட்கும் கட்டளை. சேர்வர் முழுக் கடிதத்தையும் கொட்டும். அதை அழிக்கச் சொன்னால், அழிக்க வேண்டியவை என்று குறித்துக்கொள்ளும். கடைசியில் 'குயிட்'. அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் குறித்த கடிதங்களை உண்மையாகவே அழிக்கும்.

இப்போது இரண்டாவது கடிதம் முக்கால்வாசி வந்த நிலையில் லைன் அறுகிறது. மூன்று காரியங்கள் நடக்கின்றன. முதலாவது, வந்த முக்கால் பங்கும் வீண். விட்ட இடத்திலிருந்து தொடரும் கட்டளை பொப்3இல் இல்லை. இரண்டாவது, 'குயிட்' போய்ச் சேராததால், ஏற்கெனவே முழுதாக வந்த முதலாவது கடிதமும் சேர்வரில் அப்படியே இருக்கிறது. எந்தக் கடிதம் வந்தது என்று தன் பக்கத்தில் குறித்துவைக்காத மென்பொருள் அதை மறுபடியும் இறக்கும். ஒரே கடிதம் மூன்று நான்கு பிரதிகளாகக் குவிந்தது இப்படித்தான். மூன்றாவது, நாம் அறுந்துபோனது சேர்வருக்கு உடனே தெரியாது. அது பெட்டியைப் பூட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கும். பேச்சில்லாமல் போன தொடர்பைக் குறைந்தது 10 நிமிடமாவது பொறுத்திருக்க வேண்டும் என்பது 1996இல் எழுதப்பட்ட பொப்3 விதி. அவசரமாகத் திரும்ப டயல் செய்தவருக்கு 'பெட்டி பூட்டப்பட்டுள்ளது' என்ற பதில் கிடைக்கும். கடவுச்சொல் பிழையோ என்று மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருப்பார்.

அந்த 1,372,000 பைட் எங்கிருந்து வந்தது? அது ஒரு மெகாபைட் புகைப்படம். மின்னஞ்சல் கடத்தும் வழி 1982இல் ஏழு பிட் ஆங்கில எழுத்துகளை மட்டும் மனதில் வைத்து வகுக்கப்பட்டது. அதனால் படத்தை எழுத்துகளாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். பேஸ்64 என்ற அந்த மாற்றத்தில் ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்கு எழுத்தாகும். வரிமுடிவுகளும் சேர 37 விழுக்காடு வரை வீங்கும். செக்கனுக்கு 1,200 பைட் இறங்கும் லைனில் அதற்கு ஏறத்தாழ 20 நிமிடம் வேண்டும்.

லைன் சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை அறுகிறது என்று வையுங்கள். மின்னல்போல எந்தக் கணத்திலும் அறலாம். அப்படியான லைன் 20 நிமிடம் தாங்கும் வாய்ப்பு நூறில் 13 அல்லது 14 தான். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கினால், அந்தப் படம் முழுதாக வந்து சேரச் சராசரியாக 64 நிமிட லைன் நேரம் செலவாகும். இரண்டு மெகாபைட் படம் என்றால் இருமடங்கு ஆகும் என்று தோன்றும். ஆகாது. 9 மணி நேரத்தை நெருங்கும். பருமன் கூட்டல் வீதத்தில் ஏற, செலவு பெருக்கல் வீதத்தில் ஏறுகிறது. இனி அதே ஒரு மெகாபைட் படத்தை ஐந்து துண்டாக வெட்டி ஐந்து கடிதமாக அனுப்பிப் பாருங்கள். ஒரு துண்டுக்கு நாலு நிமிடம்தான். அதற்குள் லைன் அறுவது குறைவு. அறுந்தாலும் ஒரு துண்டுதான் வீண். மொத்தம் 25 நிமிடத்தில் முடிந்துவிடும். கம்பியும் மொடமும் மாறவில்லை. அறுபத்து நான்கு இருபத்தைந்தாகிவிட்டது.

மென்பொருளைத் தேர்ந்தெடுக்க இந்தக் கணக்குப் போதும். அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டோர்னர் 1988இல் எழுதிய யூடோராவில், குறித்த பருமனுக்கு மேலான கடிதங்களைத் தவிர்க்கச் சொல்லும் வசதி இருந்தது. பெரிய கடிதத்தின் முதற் சில வரிகளை மட்டும் கொண்டுவந்து காட்டும். வேண்டுமானால் அடுத்த முறை முழுதையும் எடுக்கச் சொல்லலாம். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹாரிஸ் 1990இல் தொடங்கிய பெகாசஸ் மெயில், சேர்வரில் இருப்பவற்றைப் பட்டியலிட்டுக் காட்டி எதை எடுப்பது, எதை எடுக்காமலே அழிப்பது என்று கேட்கும். இலவசமாகவும் கிடைத்தது. 2003 ஆகஸ்டில் சோபிக் என்ற வைரஸ் உலகமெங்கும் பரவியபோது, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 100 கிலோபைட் கனத்தில் பல அஞ்சல் பெட்டிகள் அதனால் நிரம்பின. மெதுவான லைனில் ஒன்றை இறக்கவே ஒன்றரை நிமிடம். பெகாசஸ் வைத்திருந்தவர்கள் அவற்றை இறக்காமலே சேர்வரில் வைத்து அழித்துவிட முடிந்தது. விண்டோஸுடன் வந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸிலும் நல்ல வசதிகள் இருந்தன: அனுப்பி எடுத்து முடிந்ததும் லைனைத் தானே துண்டிக்கும், பெரிய கடிதத்தைக் குறித்த பருமனில் துண்டுபோட்டு அனுப்பும். நான் மேலே சொன்ன 25 நிமிடம் அந்தத் துண்டுபோடும் அமைப்பில்தான் இருந்தது. அது அமைப்புகளின் உள்மூலையில் கிடந்ததால் யாரும் தொடவில்லை.

ஒருவருக்குத் தெரிவு செய்வதென்றால் என் தீர்ப்பு பெகாசஸ்தான். ஐந்தாறு பேர் ஒரே லைனைப் பாவிக்கும் அலுவலகமானால், ஒரு பழைய கணினியில் லினக்ஸை ஏற்றி ஃபெட்ச்மெயிலை ஓடவிடச் சொல்வேன். எரிக் ரேமண்ட் 1996இல் வெளியிட்ட மென்பொருள் அது. பருமன் வரம்பு வைக்கலாம். அதைவிடப் பெரிய காரியம், இத்தனை கடிதத்துக்கு ஒருமுறை தானாகவே 'குயிட்' சொல்லி வெளியேறி மறுபடி உள்நுழையச் சொல்லலாம். அதற்கு முந்தியவை அப்போதே அழிந்துவிடும். பிறகு லைன் அறுந்தாலும் அவை திரும்ப வரா. லைன் அறுவதற்கு எதிரான காப்பு என்று அதன் கையேடே சொல்கிறது.

ஐமாப் என்ற நெறிமுறை இதைவிடச் சிறந்ததல்லவா என்று கேட்பார்கள். 1986இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் வகுத்தது அது. கடிதத்தின் எழுத்துப் பகுதியை மட்டும் எடுத்துப் படத்தை விட்டுவிடலாம். இத்தனையாவது பைட்டிலிருந்து இத்தனை பைட் தா என்று கேட்கலாம். விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டிய எல்லாம் அதன் விதியில் இருக்கிறது. ஆனால் சேர்வரோடு லைனில் இருந்தபடியே வேலை செய்பவருக்காக வந்தது அது. ஒவ்வொரு சிறு காரியத்துக்கும் கேள்வியும் பதிலும் போய்வரும். மொடத்தில் ஒவ்வொரு போய்வரலும் செக்கனில் ஒரு கணிசமான பங்கைத் தின்னும். முழுப் பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மாற்றங்களை மட்டும் கேட்கும் மென்பொருளானால் ஐமாப் நல்லது. அந்த வசதிகள் விதியாக உருப்பெற்றது 2006இலும் அதற்குப் பிறகும். டயல்-அப் காலத்துக்கு அது பிந்தி வந்த மருந்து.

முந்தி வந்த மருந்தோ இன்னும் பழையது. பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் 1976இல் எழுதிய யூ.யூ.சி.பி., அறும் லைனை எதிர்பார்த்தே கட்டப்பட்டது. கடிதங்கள் வரிசையில் காத்திருக்கும். டயல் கிடைத்ததும் 64 பைட் துண்டுகளாகப் போகும். ஒவ்வொரு துண்டும் சரிபார்க்கப்பட்டு, கெட்ட துண்டிலிருந்து திரும்ப அனுப்பப்படும். ஒரு கோப்பு முழுதாகச் சேர்ந்ததும் அது வரிசையிலிருந்து நீங்கும். பிந்திய பதிப்புகள் சில பாதியில் நின்ற கோப்பைத் தொடரவும் செய்தன. இலங்கையின் மின்னஞ்சலே இந்த வழியில்தான் தொடங்கியது. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அபய இந்துருவ முன்னின்று உருவாக்கிய லேர்ன் வலையமைப்பில், 1990களின் தொடக்கத்தில், டயல் செய்து சேர்த்துவைத்த கடிதங்களை மாற்றிக்கொண்டார்கள். நிரந்தர இணையத் தொடர்பு அப்போது கிடையாது. இந்தியாவின் எர்நெட்டும் 1980களில் டயல் வழியேதான் முதற் கடிதங்களை மாற்றியது. 1995இல் இலங்கையில் வணிக இணையச் சேவை வந்தபோது, கொழும்பின் நல்ல லைனுக்கு ஏற்ற பொப்3 எல்லா ஊருக்கும் பொதுவாயிற்று. வாவிக் கரைக்கு யூ.யூ.சி.பி.தான் பொருத்தம்; அதைத் தருவார் அப்போது யாருமில்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சுமையும் இருந்தது. 'மட்டக்களப்பு' என்று எழுதிப் பாருங்கள், எட்டு எழுத்து. ஈழத்தில் அந்நாளில் பரவலாயிருந்த பாமினி எழுத்துருவில் அது 11 பைட். யூனிகோடில் புள்ளியும் உகரக் குறியும் தனித்தனிக் குறியீடுகளாகி, குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட்டாக 36 பைட். பேஸ்64இல் 48. கோட்டெட்-பிரின்டபிள் என்ற மாற்றத்தை மென்பொருள் தேர்ந்தால் ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாகி 108. அதே கடிதத்தை எச்.டி.எம்.எல். வடிவிலும் சேர்த்து அனுப்பும் மென்பொருளானால் எல்லாம் இரட்டிப்பு. மொடத்தின் சுருக்கும் திறன் இதில் ஒரு பங்கை ஈடுசெய்யும், முழுதையும் அல்ல. இதைக் காட்டிப் பாமினிக்கே திரும்ப வேண்டும் என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். நான் அதை ஏற்கவில்லை. எழுத்துரு இல்லாத கணினியில் பாமினிக் கடிதம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குவியல், தேடவும் முடியாது. எளிய எழுத்து வடிவில், யூனிகோடை எட்டு பிட்டாகவே அனுப்பும்படி மென்பொருளை அமைத்தால் 36 பைட் 36 ஆகவே போகும். இதைச் செய்ய முடியாத மென்பொருளைத் தமிழில் எழுதுகிறவர் தேர்ந்தெடுக்கக் கூடாது.

அனுப்பும் பக்கத்தில் ஓர் ஆபத்து எந்த மென்பொருளாலும் முழுதாகத் தீராது. கடிதத்தின் முடிவைச் சேர்வருக்குச் சொல்வது, தனி வரியில் வரும் ஒரு முற்றுப்புள்ளி. அது போய்ச் சேர்ந்ததும் சேர்வர் 'ஏற்றுக்கொண்டேன்' என்று பதில் தரும். புள்ளி போய், பதில் வருவதற்குள் லைன் அறுந்தால்? சேர்வர் கடிதத்தை ஏற்று அனுப்பிவிடும். நமது மென்பொருளோ பதில் வராததால் அனுப்பவில்லை என்று முடிவெடுத்து, அடுத்த முறை மறுபடி அனுப்பும். பெறுகிறவருக்கு இரண்டு. 1988இலேயே கிரெய்க் பார்ட்ரிட்ஜ் இதைப் பற்றி எழுதினார். சேர்வர் பதிலைத் தாமதிக்காமல் தர வேண்டும் என்பதே அவர் சொன்ன பரிகாரம். அது இடைவெளியைக் குறுக்கும், அடைக்காது.

நலம் விசாரிக்கும் கடிதம் இரண்டு முறை போனால் ஒன்றுமில்லை. 2004 திசெம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாவலடி, கல்லடி மக்களின் முகாம்களுக்கு வேண்டிய அரிசி, பால்மா, கூடாரங்களின் பட்டியல்கள், 2011 சனவரி வெள்ளத்தில் இடம்பெயர்ந்தோர் கணக்குகள் போன்ற கடிதம் இரண்டு முறை போனால், அந்தப் பக்கம் அதை இரண்டு ஊரின் கணக்காகக் கூட்டிவிடக்கூடும். இப்படிப்பட்ட கடிதத்தின் தலைப்பிலேயே ஊர், திகதி, தொடர் எண் மூன்றையும் எழுத வேண்டும். திருத்திய பட்டியலுக்குப் புதிய எண். அதே பட்டியலைத் திரும்ப அனுப்பினால் பழைய எண். இப்போது கைபேசியில், ஒரு கோடு சிக்னலில், வெள்ளத்துக்கு நடுவே நின்று அனுப்புகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். எழுத்தை முதலில் தனியாக அனுப்புங்கள். படத்தைச் சிறிதாக்கி, ஒரு கடிதத்துக்கு ஒன்றாகப் பின்னால் அனுப்புங்கள்.